அளவெடுத்துச் செய்த சக்கர நாற்காலி: நியோஃப்ளை, நியோபோல்ட் பற்றி ஒரு பயனாளியின் மதிப்புரை

வேளச்சேரியில் உள்ள எங்கள் வீட்டின் சாப்பாட்டு மேசையில் எட்டு ஆண்டுகள் நான் சாப்பிட்டதில்லை. அப்போது என்னிடம் இருந்த சக்கர நாற்காலியின் கைத்தாங்கிகள் மேசையின் விளிம்பைவிட இரண்டு விரற்கடை உயரமாக இருந்தன. நாற்காலி மேசைக்கு அடியில் நுழையாது. தட்டுக்கும் எனக்கும் நடுவே ஒன்றரை அடி இடைவெளி விழும். ஆகவே தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடப் பழகினேன். எனக்குத் தொடையில் உணர்ச்சி கிடையாது, தட்டின் சூடு தோலைப் பொசுக்கினாலும் தெரியாது என்பதால், அம்மா சோற்றை நன்றாக ஆறவைத்த பிறகே தட்டில் போடுவார். நியோஃப்ளை வீட்டுக்கு வந்த அன்று இரவு கால்களை மேசைக்கு அடியில் விட்டு, மேசையை ஒட்டி உட்கார்ந்தேன். அம்மா தட்டை என் மடியில் வைக்க வந்தவர், நின்று, மேசையின்மேல் வைத்தார். அன்று சோறு சூடாக இருந்தது.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின், அதாவது நாம் ஐ.ஐ.டி. மெட்ராஸ் என்று சொல்லும் நிறுவனத்தின் இயந்திரப் பொறியியல் துறைப் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையிலான ஆய்வுக் குழுவிலிருந்து பிறந்தவை நியோஃப்ளை என்னும் சக்கர நாற்காலியும், அதன் முன்பக்கத்தில் மாட்டிக்கொள்ளும் நியோபோல்ட் என்னும் மின்மோட்டார் இணைப்பும். அந்தக் குழுவிலிருந்தே தோன்றிய நியோமோஷன் என்ற நிறுவனம் இவற்றைத் தயாரித்து விற்கிறது. இரண்டையும் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகத் தினமும் பயன்படுத்தி வருகிறேன். பொறியியல் பேராசிரியர்களின் சாதனைகளைப் பற்றிய செய்திகளில் எத்தனை கட்டுரைகள், எத்தனை காப்புரிமைகள், எத்தனை கோடி நிதி என்ற கணக்குகள் வருகின்றன. அந்தக் கணக்குகளுக்கும் மதிப்பு உண்டு. ஆனால் ஓர் ஆய்வு கடைசியில் யாருடைய உடம்பில் போய் முடிகிறதோ அவர் உட்கார்ந்து பார்த்துச் சொல்லும் மதிப்பீடும் அதே அளவுக்குத் தேவை என்று நினைப்பதால் இதை எழுதுகிறேன்.

என் உடல்நிலையைச் சொன்னால்தான் நான் சொல்வதை வாசகர் தமக்குப் பொருத்திப் பார்க்க முடியும். சாலை விபத்தில் தண்டுவடத்தில் அடிபட்டு, தொப்புளுக்குக் கீழே உணர்ச்சியும் அசைவும் இல்லாதவன் நான். கைகள் இரண்டும் முழு வலுவுடன் இருக்கின்றன. பெருங்குடியில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலை பார்க்கிறேன். விபத்துக்குப் பிறகு மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில், மருத்துவப் பொருள்கள் விற்கும் ஒரு கடையில் என் அண்ணன் அவசரமாக ஒரு நாற்காலி வாங்கி வந்தார். என்ன அளவு வேண்டும் என்று கடைக்காரர் கேட்கவில்லை. ஓர் அளவு மட்டுமே இருக்கும்போது கேட்பதற்கு ஒன்றும் இல்லை. பதினெட்டு அங்குல அகல இருக்கை, குரோமியம் பூசிய இரும்புச் சட்டம், நடுவில் தொட்டிலைப் போலத் தொங்கும் ரெக்சின் துணி, எடை பதினெட்டு கிலோவுக்கு மேல். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நோயாளியைப் பத்து நிமிடம் தள்ளிக்கொண்டு போவதற்காக வடிவமைக்கப்பட்ட வண்டி அது. அதில் ஒருவர் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வாழ வேண்டும் என்று அதை வடிவமைத்தவர் நினைத்திருக்க வழியில்லை.

என் இடுப்பின் அகலம் பதினான்கரை அங்குலம். பதினெட்டு அங்குல இருக்கையில் பதினான்கரை அங்குல இடுப்பு உட்கார்ந்தால், உடம்பு ஒரு பக்கமாகச் சாயும். இடுப்பெலும்பின் ஒரு முனை மட்டும் முழுப் பாரத்தையும் தாங்கும். தொங்கும் துணி தொடைகளை உள்நோக்கித் திருப்பும். உணர்ச்சி உள்ளவருக்கு அரை மணியில் வலித்து, தானாகவே நகர்ந்து உட்காருவார். எங்களுக்கு வலிக்காது, தோலுக்கு அடியில் இரத்த ஓட்டம் நின்று, தசை அழுகத் தொடங்கிய பிறகு, துணியில் கறை பட்டுத்தான் தெரியவரும். மூன்றாவது ஆண்டில் எனக்கு அப்படி ஒரு படுக்கைப் புண் வந்தது. நான்கு மாதம் குப்புறப் படுத்தே கிடந்தேன்; வேலையும் போனது. அந்தப் புண்ணுக்கு ஆன செலவில் நல்ல நாற்காலி ஒன்றை வாங்கியிருக்கலாம். இந்த அனுபவத்தைச் சொல்வதற்குக் காரணம், சக்கர நாற்காலி சரியாகப் பொருந்தாமல் இருப்பதை வெறும் வசதிக் குறைவு என்று பலரும் எண்ணுவதுதான். தண்டுவடம் பாதிக்கப்பட்டவருக்கு அது உயிர்ப் பிரச்சினை.

சுஜாதா சீனிவாசன் தலைமையில் ஐ.ஐ.டி. வளாகத்தில் இயங்கும் டி.டி.கே. மறுவாழ்வு ஆய்வு மற்றும் கருவி உருவாக்க மையத்தைச் சுருக்கமாக ‘ஆர் டூ டி டூ’ என்பார்கள். இயந்திர உறுப்புகளின் இயக்கமும் மனித உடலின் நடையும் இவருடைய ஆய்வுத் துறைகள். இந்த மையத்திலிருந்து வெளியே வந்து பரவலாகப் பேசப்பட்ட முதல் பொருள் நியோஃப்ளை அன்று. 2019 நவம்பரில் அறிமுகமான ‘அரைஸ்’ என்னும் எழுந்து நிற்கும் சக்கர நாற்காலி. வெல்கம் அறக்கட்டளையின் நிதியுதவியுடன் உருவாக்கி, சென்னையின் பீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து தயாரித்தார்கள். மோட்டார் ஏதும் இல்லாமல், உட்கார்ந்திருப்பவரே தம் கைகளால் நெம்பி, மெல்ல எழுந்து நின்ற நிலைக்கு வந்து, மறுபடி உட்கார முடியும் என்பதே அதன் சிறப்பு. அறிமுகத்தின்போது அதன் விலை ஏறத்தாழ 15,000 ரூபாய். எழுந்து நிற்கவைக்கும் வெளிநாட்டு நாற்காலிகள் லட்சக்கணக்கில் விற்றுக்கொண்டிருந்த காலம் அது.

நின்று என்ன ஆகப்போகிறது என்று நடக்க முடிந்தவர்கள் கேட்பதுண்டு. ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்தே இருக்கும் உடம்பில் கால் எலும்புகள் சுமை தாங்காமல் சுண்ணாம்புச் சத்தை இழந்து நொறுங்கும் நிலைக்கு வரும். மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் ஓயாது. முழங்கால் மூட்டு மடங்கிய நிலையிலேயே இறுகிப்போகும். நாளுக்கு அரை மணி நேரம் நிற்பது இவை எல்லாவற்றுக்கும் உதவும். அரைஸில் நான் ஒரு முறை நின்று பார்த்திருக்கிறேன். மார்புப் பட்டையையும் முழங்கால் தடுப்பையும் மாட்டி, நெம்புகோலை இழுத்தபோது, ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு என் அண்ணனின் முகம் என் முகத்துக்கு நேராக வந்தது. அதுவரை அவருடைய தாடையைத்தான் கீழிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் நிற்பதற்கான கருவியையும் சுமக்கும் நாற்காலி, ஊர் சுற்றுவதற்கு ஏற்ற இலகுவான நாற்காலியாக இருக்க முடியாது. ஆகவே எனக்கு அரைஸ் இரண்டாவது நாற்காலியாக, வீட்டில் உடற்பயிற்சிக்கு என்று வைத்துக்கொள்ளத் தக்கது; முழுநேர நாற்காலியாக நான் தேர்ந்தெடுத்தது நியோஃப்ளையை.

நியோஃப்ளையில் மிக முக்கியமான பகுதி, அதில் எந்தத் திருகாணியும் இல்லாத பகுதி: அளவெடுப்பது. பதினெட்டு விதங்களில் பயனாளிக்கு ஏற்றபடி மாற்றி அமைக்கலாம் என்று நிறுவனம் சொல்கிறது. அந்த எண்ணிக்கையை நான் சரிபார்த்ததில்லை. ஆனால் எனக்கு எடுத்த அளவுகளைச் சொல்ல முடியும். தட்டையான பலகை ஒன்றில் என்னை நேராக உட்காரவைத்து, இடுப்பின் அகலம், பிட்டத்தின் பின்பக்கத்திலிருந்து முழங்காலின் மடிப்புவரை தொடையின் நீளம், முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால்வரை காலின் உயரம், இருக்கையிலிருந்து தோள்பட்டை எலும்பின் கீழ்முனைவரை முதுகின் உயரம், கையைத் தொங்கவிட்டால் விரல்நுனி எங்கே வருகிறது என்பது என ஒவ்வொன்றாக எடுத்தார்கள். தையற்காரர் சட்டைக்கு அளவெடுப்பதைப்போல, ஒருவர் நாடாவைப் பிடித்து எண்ணைச் சொல்ல இன்னொருவர் எழுதிக்கொண்டார். வீட்டுக் குளியலறைக் கதவின் அகலம் என்ன, கட்டிலின் உயரம் என்ன, வேலைக்கு எப்படிப் போகிறீர்கள், உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது, முன்பு புண் வந்த இடம் எது என்றெல்லாம் கேட்டார்கள். விபத்துக்குப் பிறகு என் உடம்பை மருத்துவர்கள் பலர் சோதித்திருக்கிறார்கள். அந்த உடம்பு எங்கே போய்வர விரும்புகிறது என்று கேட்டு எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

அளவுக்கு ஏற்ப வந்த நாற்காலியில் உட்கார்ந்து சக்கரத்தைத் தள்ளிய முதல் தள்ளலிலேயே வேறுபாடு தெரிந்துவிட்டது. இதற்கான காரணத்தைப் பிறகுதான் படித்துப் புரிந்துகொண்டேன். மருத்துவமனை நாற்காலியில் பெரிய சக்கரத்தின் அச்சு, உட்கார்ந்திருப்பவரின் தோளுக்குப் பின்னால் வெகுதூரம் தள்ளி இருக்கும். அதனால் கையைப் பின்னுக்கு முறுக்கி எட்டிப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு தள்ளலிலும் சக்கரத்தின் சிறு வில்லளவு தூரத்துக்கு மட்டுமே கைப்பிடி கிடைக்கும். உடம்பின் பாரத்தில் பெரும்பங்கு முன்னால் இருக்கும் சின்னச் சக்கரங்களின்மேல் விழும்; சின்னச் சக்கரம் சிறு கல்லில்கூட முட்டி நிற்கும். அச்சைத் தோளுக்கு நேர் கீழே கொண்டுவந்தால், கை இயல்பாகத் தொங்கும் இடத்தில் சக்கரம் இருக்கும், நீளமாகத் தள்ளலாம், பாரம் பெரிய சக்கரத்தின்மேல் இறங்கும், சின்னச் சக்கரம் லேசாகி எளிதில் திரும்பும். வலிமையைக் கூட்டாமல், சக்கரம் இருக்கும் இடத்தை மட்டும் மாற்றிச் செய்யப்படும் காரியம் இது. முன்பு அலுவலகத் தாழ்வாரத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு முப்பது தள்ளல் தேவைப்பட்டது, இப்போது பதினேழு. ஆண்டுக்கணக்கில் நாற்காலி தள்ளுபவர்களுக்குத் தோள் மூட்டு தேய்ந்து வலி வருவது மிகச் சாதாரணம். கால்கள் போனவனுக்குத் தோளும் போனால் பிறகு மிச்சம் ஏதும் இல்லை என்பதால், அந்தப் பதின்மூன்று தள்ளல்களை நான் பெரிதாகவே எண்ணுகிறேன்.

பொருத்தமான நாற்காலி வந்துவிட்டால் புண் வராது என்று யாரும் அசட்டையாக இருந்துவிடக் கூடாது. நல்ல மெத்தை தனியாக வேண்டும். கால் மணிக்கு ஒரு முறை கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கிவிடும் பழக்கமும் வேண்டும். நாற்காலியின் விலையோடு மெத்தையின் செலவையும் சேர்த்தே திட்டமிடுங்கள் என்பது என் வேண்டுகோள். பஞ்சுத் தலையணையைப் போட்டு உட்கார்ந்தால், அளவெடுத்துச் செய்ததன் பயனில் பாதி வீணாகும்.

இனி நியோபோல்ட். இதன் அருமையைச் சொல்ல, அதற்கு முன் எங்களுக்கு இருந்த வழியைச் சொல்ல வேண்டும். தமிழ்நாடு அரசு மாற்றுத்திறனாளிகளுக்கு இணைப்புச் சக்கரங்கள் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டரை இலவசமாக வழங்குகிறது. ஆயிரக்கணக்கானோரை வேலைக்கு அனுப்பிய நல்ல திட்டம் அது. இளம்பிள்ளைவாதத்தால் கால் பாதிக்கப்பட்டு, ஊன்றுகோலுடன் நாலு அடி நடக்க முடிந்தவருக்கு அதைவிடச் சிறந்த வண்டி கிடையாது. தண்டுவடம் பாதிக்கப்பட்டவரின் நிலை வேறு. நாற்காலியிலிருந்து ஸ்கூட்டரின் உயரமான இருக்கைக்கு உடம்பைத் தூக்கி மாற்ற வேண்டும். அதற்கு ஒருவர் துணை வேண்டும். நாற்காலியை வீட்டில் விட்டுவிட்டு அலுவலகம் போய்ச் சேர்ந்தால், அங்கே இறங்குவதற்கு நாற்காலி இல்லை. நானும் ஸ்கூட்டர் ஓட்டினேன். அலுவலக வாசலில் காவலாளி வந்து, வாசலில் வைத்திருக்கும் பழைய நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து, என்னைத் தாங்கி இறக்கும்வரை வெயிலில் ஸ்கூட்டரிலேயே உட்கார்ந்திருப்பேன். அவர் டீ குடிக்கப் போயிருந்தால் அவர் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

நியோபோல்ட் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை எடுத்துவிட்டது: இடம் மாறி உட்கார வேண்டிய தேவையை. நியோஃப்ளையில் உட்கார்ந்தபடியே போய், முன்னால் நிற்கும் நியோபோல்ட்டோடு நாற்காலியின் சட்டத்தை இணைத்துப் பூட்டினால், முன்பக்கத்துச் சின்னச் சக்கரங்கள் தரையை விட்டு மேலே எழும்பிவிடும். இப்போது அது பின்னால் இரண்டு பெரிய சக்கரம், முன்னால் மோட்டாரால் ஓடும் ஒரு சக்கரம் என்று மூன்று சக்கர வண்டி. ஸ்கூட்டரில் இருப்பதைப் போன்ற கைப்பிடி, முறுக்கினால் வேகம், விரலால் பிடிக்கும் பிரேக். லித்தியம் அயான் மின்கலத்தில் ஓடுகிறது. உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர் என்றும், ஒரு முறை மின்னேற்றினால் 25 கிலோமீட்டர்வரை போகும் என்றும் 2021 ஆகஸ்டில் அறிவித்தார்கள். என் வீட்டிலிருந்து அலுவலகம் நான்கு கிலோமீட்டர். போய்வந்து, மாலையில் காய்கறிக் கடைக்கும் கோயிலுக்கும் போய், இரவில் மின்னேற்றிக்கொள்கிறேன். அலுவலகம் சேர்ந்ததும் பூட்டை விடுவித்து, நியோபோல்ட்டைப் படிக்கட்டின் ஓரத்தில் நிறுத்திவிட்டு, அதே நாற்காலியில் சாய்தளம் வழியாக என் மேசைக்குப் போய்விடுகிறேன். காவலாளி இப்போதும் எழுந்து வருகிறார், ஆனால் “என்ன தம்பி, நேத்து மழைல எப்படிப் போனீங்க?” என்று கேட்பதற்காக.

முதல் நாள் தனியாகத் தெருவில் இறங்கியதை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். காலை ஆறரை மணி. எங்கள் தெருமுனையில் தார் பெயர்ந்து ஓர் அடி அகலத்துக்குப் பள்ளம் உண்டு. பழைய நாற்காலியில் அந்தப் பள்ளத்தைத் தாண்டப் பின்னால் ஒருவர் தூக்கிப் பிடிக்க வேண்டும். சின்னச் சக்கரம் அதில் இறங்கினால் நான் முன்னால் கவிழ்ந்துவிடுவேன். நியோபோல்ட்டின் முன்சக்கரம் பெரியது. பள்ளத்துக்கு முன் வேகத்தைக் குறைத்து, நேராக விட்டேன். முன்சக்கரம் இறங்கி ஏறியது, பிறகு பின்சக்கரங்கள் ஒன்றாக இறங்கி ஏறின, முதுகில் ஓர் அதிர்வு, அவ்வளவுதான். அந்தப் பக்கம் இருக்கும் டீக்கடைக்கு எட்டு ஆண்டுகளாக நான் போனதில்லை. அங்கே போய் நின்றபோது கடைக்காரருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அப்பாவின் பெயரைச் சொன்னதும் தெரிந்துகொண்டார். டீயைக் கையில் வாங்கிக்கொண்டு, யாரும் எனக்காகக் காத்திருக்காத அந்த இடத்தில், ஆற அமரக் குடித்தேன்.

குறைகளை மறைத்து எழுதினால் வாங்குபவருக்குத் துரோகம் செய்தவன் ஆவேன். பழைய நாற்காலியைப் போல இரு பக்கமும் ஒன்றுசேர மடிந்து தட்டையாவது நியோஃப்ளையின் அமைப்பு அன்று. உறுதியான சட்டம்தான் தள்ளும் சக்தியை வீணாக்காமல் சக்கரத்துக்குக் கொடுக்கிறது, அந்த நன்மைக்கு இது விலை. ஆட்டோவிலோ சிறிய காரின் பின்பகுதியிலோ அடிக்கடி ஏற்றி இறக்குபவர்கள் முதலில் தங்கள் வண்டியில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டும். மழைக்கு மேல்மூடி கிடையாது, நாம் உட்கார்ந்திருக்கும் உயரமும் தாழ்வு. வேளச்சேரியில் மழைக்காலத்தில் தேங்கும் தண்ணீரில் எந்த மின்வண்டியையும் விடுவது புத்திசாலித்தனம் அன்று, ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் நாட்கள் எனக்கு உண்டு. தரமணிச் சாலையில் பேருந்துக்கும் தண்ணீர் லாரிக்கும் நடுவே, ஓட்டுநர்களின் பார்வைக்குக் கீழே ஓடுவதால், முதுகுப்புறம் ஒரு கம்பில் ஆரஞ்சுக் கொடியும் ஒளி பிரதிபலிக்கும் பட்டையும் கட்டியிருக்கிறேன். வாங்குபவர் ஒவ்வொருவரும் அப்படிச் செய்யுங்கள். கழுத்துப் பகுதியில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, விரல்களில் பிடிமானம் இல்லாதவர்களுக்கு இந்தக் கைப்பிடியும் பிரேக்கும் பொருந்தாது. அவர்கள் இதைப் பார்த்து ஏங்கி வாங்கிவிடக் கூடாது, மறுவாழ்வு மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

விலையைப் பற்றி நேராகப் பேச வேண்டும். அறிமுகமானபோது நியோஃப்ளை 39,900 ரூபாய், நியோபோல்ட் 55,000 ரூபாய். இரண்டும் சேர்ந்து 94,900. இப்போது வாங்குவோர் நடப்பு விலையைக் கேட்டுக்கொள்ளட்டும். வெளிநாட்டிலிருந்து வரும் அதே வகை நாற்காலியோடு ஒப்பிட்டால் இது மலிவு என்பதில் ஐயமில்லை. ஆனால் தண்டுவடம் அடிபட்டவர்களில் பலர் கட்டடச் சாரத்திலிருந்தும் பனை, தென்னை மரங்களிலிருந்தும் விழுந்தவர்கள், இரவில் பைக்கில் போய் அடிபட்ட இளைஞர்கள். விபத்தோடு வீட்டின் வருமானமும் நின்றுபோன குடும்பங்கள். அவர்களுக்குத் தொண்ணூறாயிரம் எட்டாத தொகை. நான் வாங்கியபோதே பாதிப் பணத்தை அண்ணன் கொடுத்தார். மத்திய அரசின் உதவிக் கருவிகள் வழங்கும் திட்டம் 1981 முதல் நடக்கிறது. மாநில அரசும் ஆண்டுதோறும் சக்கர நாற்காலிகள் வழங்குகிறது. அந்தக் கொள்முதலில் நாற்காலியின் விலையை மட்டும் பார்க்காமல், பெறுபவருக்கு அளவெடுத்துப் பொருத்திக் கொடுப்பதையும் ஒரு நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும் என்று நான் மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட சக்கர நாற்காலி வழிகாட்டி நெறிகளிலேயே, வசதி குறைந்த நாடுகளிலும் அளவெடுத்தல், பொருத்துதல், பயிற்சி, பின்தொடர்தல் ஆகியவை நாற்காலியைப் போலவே இன்றியமையாதவை என்று எழுதியிருக்கிறார்கள்.

நியோஃப்ளையோடு அந்த மையம் நின்றுவிடவில்லை. 2022 ஜூனில் ‘கதம்’ என்னும் செயற்கை முழங்கால் மூட்டை வெளியிட்டார்கள். பெங்களூருவின் மொபிலிட்டி இந்தியா அமைப்பு அதைத் தயாரிக்கிறது. முழங்காலுக்கு மேலே கால் எடுக்கப்பட்டவர்களுக்கானது அது. ஒற்றைக் கீல்போல மடங்கும் மலிவு மூட்டில் ஊன்றிய கால் திடீரென மடங்கி ஆளை விழவைக்கும் அபாயம் உண்டு. கதமில் பல அச்சுகள் சேர்ந்து இயங்குவதால், ஊன்றும்போது உறுதியாக நின்று, வீசும்போது எளிதாக மடங்கும். 160 பாகைவரை மடங்குவதால் ஆட்டோவிலும் பேருந்திலும் காலை மடக்கி உட்கார முடியும். நம் ஊர் ஆட்டோவின் இருக்கையில் ஒரு முறையேனும் நீட்டிய காலோடு உட்கார்ந்தவருக்கு அந்த எண்ணின் அருமை விளங்கும். 2025 ஜூலையில் ‘ஒய்.டி. ஒன்’ என்ற, 9 கிலோ எடை மட்டுமே உள்ள, பயனாளிக்கு ஏற்ப அளவெடுத்துச் செய்யும் நாற்காலியை த்ரைவ் மொபிலிட்டி நிறுவனத்துடன் சேர்ந்து அறிமுகப்படுத்தினார்கள். என் பழைய நாற்காலியின் எடையில் பாதி அது. அதை நான் இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை என்பதால் மேலே ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆட்டோவில் நாற்காலியைத் தூக்கி வைக்க வேண்டியவர்கள் அதைக் கட்டாயம் போய்ப் பார்க்க வேண்டும்.

இந்தப் பொருள்கள் அனைத்திலும் ஒரே கை தெரிகிறது. அரைஸ் நெம்புகோலிலும் கதமின் மூட்டிலும் உள்ளது, இயந்திரப் பொறியியல் மாணவர்கள் இரண்டாம் ஆண்டில் படிக்கும் இணைப்புத் தண்டுகளின் இயக்கவியல். புதிதாகக் கண்டுபிடித்த விந்தைப் பொருள் எதுவும் இல்லை. தெரிந்த அறிவியலை, இந்த உடம்புக்கு, இந்தத் தெருவுக்கு, இந்த விலைக்குள் என்று மூன்று பக்கமும் நெருக்கி, பயனாளிகளை உட்காரவைத்துப் பார்த்து, அவர்கள் சொன்ன குறைக்கு ஏற்பத் திரும்பத் திரும்பத் திருத்துவதே இங்கே நடந்த ஆய்வு. ஆய்வகத்திலிருந்து தொழிற்சாலைக்கு, அங்கிருந்து வீட்டு வாசலுக்கு என்று ஒரு பொருளைக் கொண்டுவந்து சேர்க்கும் உழைப்பு, ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிடும் உழைப்பைவிட எந்த வகையிலும் குறைந்தது அன்று. பல்கலைக்கழகங்கள் தங்கள் ஆசிரியர்களின் பணியை மதிப்பிடும்போது, எத்தனை பேர் அந்தப் பொருளில் ஏறி வேலைக்குப் போகிறார்கள் என்ற எண்ணையும் ஒரு பத்தியில் எழுத வேண்டும் என்று விரும்புகிறேன். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் மேரி வர்கீஸ், தாமே விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்து, 1960களில் அங்கே மறுவாழ்வு மருத்துவத்தை வளர்த்தார். அந்த மண்ணில், அறுபது ஆண்டுகள் கழித்தாவது, நாற்காலியைப் பற்றிப் பொறியாளர்கள் இவ்வளவு கவலையோடு யோசிப்பது எனக்கு மிகுந்த நிறைவைத் தருகிறது.

போன வாரம் விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி போனில் பேசினார். பனைமரத்திலிருந்து விழுந்து ஏழு மாதம் ஆகிறது, முகாமில் கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், எந்த நாற்காலி வாங்கலாம், பணத்துக்கு என்ன செய்யலாம் என்று கேட்டார். பணத்துக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கச் சொன்னேன். நாற்காலியைப் பற்றிச் சொல்வதற்கு முன், அவருடைய அம்மாவை அழைத்து, அவரைத் தட்டையான பலகையில் உட்காரவைத்து இடுப்பின் அகலத்தைத் தையல் நாடாவால் அளந்து சொல்லச் சொன்னேன். போனைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்து வீட்டில் நாடா வாங்கி வந்து, அளந்து, பதிமூன்றே முக்கால் அங்குலம் என்றார் அந்த அம்மா. உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் அகலத்தையும் அளக்கச் சொன்னேன். பதினெட்டு. “அப்ப இது இவனுக்கு இல்லியா தம்பி?” என்று கேட்டார். இல்லையம்மா என்றேன். மற்ற அளவுகள் எவை எவை என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி, அவர் எழுதிக்கொண்டார்.